வாசலில் நிற்பது யார் என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டாமா?



இந்த ஒரு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவன் சிங்கப்பூரில் இருக்கிறான், 1998-இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். இன்னொருத்தி கோயம்புத்தூரில் வங்கியில் வேலை பார்க்கிறாள். மூன்றாவது ஆள் என் மதினியின் மருமகன். கேள்வி இதுதான்: "சார், ஊர்ல அம்மா வீட்டுக்கு நாலு கேமரா மாட்டியாச்சு. அதைப் பாக்கதுக்கு என்ன வாங்கிக் கொடுக்க? டேப்லட் வாங்கவா, டிவியிலயே தெரிய வைக்கவா, இல்ல போனே போதுமா?"

மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பேசி தொண்டை வற்றிவிட்டது. இனி நாலாவது ஆள் கேட்பதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்கள் இங்கேயும் தூங்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் அறிவியல் வாத்தியார். கேமரா கடைக்காரன் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் ஒரு தப்பு செய்தவன். அதனால் சொல்ல எனக்கு ஒரு உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீடு என்றால், ரெக்கார்டரிலிருந்து நேராக வயர் வருகிற ஒரு பெரிய திரை அந்த வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். போனில் இருக்கும் ஆப் வெளியூரில் இருக்கிற உங்களுக்கானது. அதை வைத்துக்கொண்டு "அம்மாவுக்கும் இதே போதும்" என்று விட்டுவிடாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன்.

2021-இல் என் மகன் லீவுக்கு வந்தபோது எங்கள் பெருமாள்புரம் வீட்டில் நாலு கேமரா மாட்டினான். வாசல் கேட், கார் நிற்கிற இடம், பின்பக்கக் கொல்லை, மொட்டைமாடிப் படிக்கட்டு. ரெக்கார்டரைப் பரண்மேல் வைத்தான். அவன் போனில் ஒரு ஆப், என் போனில் அதே ஆப். திரை எதுவும் வைக்கவில்லை. "இப்ப யாருப்பா மானிட்டர் எல்லாம் வைக்கா, எல்லாம் போன்லதான்" என்றான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பென்ஷன் ஆபீஸ் வரிசையில் நிற்கும்போதுகூட ஆப்பைத் திறந்து பக்கத்தில் நிற்பவரிடம் என் வீட்டு முருங்கை மரத்தைக் காட்டியிருக்கிறேன்.

அடுத்த வருடம் கார்த்திகை மாதம். நல்ல மழை. ராத்திரி ஒன்றரை மணிக்கு வாசல் மணி அடித்தது. ஒரு தடவை இல்லை, விட்டுவிட்டு நாலைந்து தடவை. என் வீட்டம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, யாரோ மணி அடிக்காங்க. போன்ல பாருங்க."

போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது. கண்ணாடி எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. தேடி எடுத்து ஆப்பைத் திறந்தால், மறுபடி லாகின் செய்யச் சொல்கிறது. பாஸ்வேர்டு மகனுக்குத்தான் தெரியும். சரி, கதவைத் திறக்கலாம் என்றால் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாங்க, அந்தக் கடையம் வீடியோவ பாத்தீங்கல்லா" என்றாள். மகனுக்குப் போன் போட்டோம். அவன் ஏதோ மீட்டிங்கில் இருந்தான், எடுக்கவில்லை. விளக்கைப் போடாமல் இருட்டில் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். மணி நின்றுவிட்டது.

பிறகு மகன் கூப்பிட்டு, அவன் போனில் பழைய பதிவைப் பார்த்துச் சொன்னான். "அப்பா, அது நம்ம பக்கத்து வீட்டுப் பையன்பா. குடைகூட இல்லாம நின்னுட்டுப் போறான்."

அவன் அப்பாவுக்கு நெஞ்சுவலி. எங்கள் காரை எடுக்கச் சொல்லிக் கேட்க வந்திருக்கிறான். நாங்கள் திறக்கவில்லை என்றதும் மெயின் ரோட்டுக்கு ஓடி, மழையில் நின்று ஒரு ஆட்டோவைப் பிடித்து வந்து அழைத்துப் போயிருக்கிறான். நல்லவேளை, அவர் பிழைத்துக்கொண்டார். அந்தக் குடும்பம் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் வீட்டில் நாலு கேமரா இருந்தும், எட்டடி தூரத்தில் நனைந்துகொண்டு நின்ற பிள்ளையை நாங்கள் பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்தவன்தான் பார்த்தான். அதுவும் அவன் போன பிறகு.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. கேமரா திருடனைப் பார்ப்பதற்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். வாசலில் நிற்பவன் திருடன் இல்லை என்று தெரிந்துகொள்ளவும் அதுதான் வேண்டும். வருடத்தில் 365 நாளும் நம் கேட்டில் வந்து நிற்பவர்கள் பால்காரர், கீரைக்காரம்மா, கூரியர் பையன், பக்கத்து வீட்டுக்காரர். அவர்களை உடனே அடையாளம் தெரிந்தால் கதவு திறக்கும். தெரியாவிட்டால் பயம்தான் முடிவெடுக்கும்.

என் வீட்டம்மாள் சொன்ன கடையம் வீடியோவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 2019 ஆகஸ்ட் 11-ஆம் தேதி ராத்திரி. கடையம் பக்கத்தில் கல்யாணிபுரத்தில் வயதான தம்பதி. கடையம் அப்போது நம் திருநெல்வேலி மாவட்டம், அந்த நவம்பரில்தான் தென்காசி மாவட்டம் தனியாகப் பிரிந்தது. வீட்டு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவரின் கழுத்தில் முகமூடி போட்ட ஒருவன் பின்னாலிருந்து துண்டைப் போட்டு இறுக்குகிறான். சத்தம் கேட்டு அந்த அம்மா ஓடிவந்து செருப்பை எடுத்து வீசுகிறார். பெரியவர் திமிறி எழுகிறார். இரண்டு பேரும் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வீச, அரிவாளோடு வந்த இரண்டு பேரும் ஓடுகிறார்கள். நாடு முழுக்க அந்தக் காட்சியைப் பார்த்தது. நாலு நாள் கழித்து சுதந்திர தின விழாவில் முதலமைச்சர் அவர்களுக்கு வீரதீர விருது கொடுத்தார்.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நம் பக்கத்தில் நிறையப் பேர் கேமரா மாட்டினார்கள். ஆனால் அதை இன்னொரு தடவை நிதானமாகப் பாருங்கள். கேமரா அங்கே என்ன செய்தது? பதிவு செய்தது. அது பின்னால் போலீசுக்கு உதவும், அதைக் குறை சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் காப்பாற்றியது அந்த அம்மாவின் காதும் கையும், வாசலில் கிடந்த நாற்காலியும்தான். பதிவு செய்வது ஒரு வேலை, அந்த நேரத்திலேயே பார்ப்பது வேறு வேலை. கடையில் போய் கேமரா வாங்கும்போது நாம் முதல் வேலைக்கு மட்டும் காசு கொடுக்கிறோம். இரண்டாவது வேலையை யார், எந்த இடத்தில் இருந்து, எதில் பார்த்துச் செய்வார்கள் என்று கேட்பதே இல்லை.

சரி, இப்போது பொருளுக்கு வருவோம். கொஞ்சம் கணக்கு.

போன்: நாலு கேமராவையும் ஒரே திரையில் போட்டால் ஒவ்வொரு கட்டத்தின் மூலைவிட்டமும் திரையின் மூலைவிட்டத்தில் பாதி. ஆறரை அங்குலப் போனைப் படுக்கை வாட்டில் பிடித்தால் ஒரு கட்டம் மூன்றேகால் அங்குலம். அதில் கேட்டில் நிற்கிற மனிதனின் முகம் ஒரு கடுகு அளவு. 19 அங்குல மானிட்டரில் ஒரு கட்டம் ஒன்பதரை அங்குலம். 32 அங்குல டிவியில் 16 அங்குலம். கண்புரை ஆபரேஷன் செய்த கண்ணுக்கு இந்த வித்தியாசம் போதும்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு மெகாபிக்சல் கேமரா என்றால் படத்தில் 1920-க்கு 1080 புள்ளிகள், மொத்தம் 20 லட்சத்துக்கு மேல். ஆனால் போனுக்கு அனுப்பும்போது இணையம் திணறாமல் இருக்க ரெக்கார்டர் படத்தைச் சுருக்கி அனுப்பும். 640-க்கு 480 என்று வைத்துக்கொண்டால் மூன்று லட்சத்துச் சொச்சம். ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. "காசு கொடுத்து நல்ல கேமரா வாங்கினேன் சார், முகமே தெரியல" என்று சொல்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். ஆப்பில் எச்.டி. என்று ஒரு பட்டன் இருக்கும், அதைத் தொட்டால்தான் முழுப் படம் வரும். வயரில் நேராக வருகிற திரைக்கு இந்தச் சிக்கல் இல்லை. இணையமே தேவையில்லை.

டேப்லட்: பார்க்க அழகாக இருக்கும். பத்து அங்குலம், சுவரில் மாட்டலாம். ஆனால் இருபத்திநாலு மணி நேரமும் சார்ஜில் கிடந்து, நம் ஊர் சித்திரை வெயிலும் சேர்ந்தால் பேட்டரி உப்பிவிடும். என் சகலை வீட்டில் அப்படித்தான் ஆயிற்று, பின்மூடி பிளந்துகொண்டு நின்றது. தவிர, அதுவும் வைஃபை போனால் குருடு, ஆப் தூங்கினால் குருடு. சமையலறை, படுக்கையறை என்று எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்பவர்களுக்குச் சரி. அதையே ஒரே துணையாக நம்பாதீர்கள்.

டிவி: ரெக்கார்டரின் பின்னால் எச்.டி.எம்.ஐ. துளை இருக்கும். வயரைக் குத்தினால் படம் வரும். செலவு வெறும் வயர்தான். பிரச்சினை என்னவென்றால், மணி அடிக்கிற நேரத்தில் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும். ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தி, மூன்று தடவை கீழே போய், ஓகே அழுத்த வேண்டும். இதை எத்தனை அம்மாக்கள் செய்வார்கள்? என் அக்கா அம்பாசமுத்திரத்தில் ஒரு தடவை தப்பாக அழுத்திவிட்டு, டிவி கெட்டுப்போச்சு என்று இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

மானிட்டர்: என் ஓட்டு இதற்குத்தான். புதிதாகக்கூட வாங்க வேண்டாம். உங்கள் வீட்டில் அட்டைப் பெட்டிக்குள் கிடக்கிற பழைய 19 அங்குலக் கம்ப்யூட்டர் மானிட்டர் போதும். எச்.டி.எம்.ஐ. இல்லாவிட்டால் பரவாயில்லை, பெரும்பாலான ரெக்கார்டர்களில் வி.ஜி.ஏ. துளையும் இருக்கும். பல ரெக்கார்டர்களில் இரண்டு துளையிலும் ஒரே நேரத்தில் படம் வரும். ஒன்றை ஹாலுக்கும் ஒன்றைப் படுக்கையறைக்கும் இழுத்துவிடலாம். எச்.டி.எம்.ஐ. வயரை மட்டும் பத்து மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள், ரொம்ப நீண்டால் படம் விட்டுவிட்டு வரும்.

கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம். இப்படிப்பட்ட மானிட்டர் சுமார் 20 வாட் எடுக்கும். இருபத்திநாலு மணி நேரமும் ஓடினாலும் நாளுக்கு அரை யூனிட்டுக்குள். இரண்டு மாத பில்லில் 29 யூனிட் வரும். பகலில் அணைத்து வைத்தால் இன்னும் குறைவு. திரையை அணைத்தாலும் பதிவு நிற்காது, அது ரெக்கார்டரின் வேலை.

நான் செய்திருப்பது இதுதான். மானிட்டரைப் படுக்கையறையில் அவள் கட்டிலுக்கு எதிரே மாட்டி, அதன் கரண்ட் ஸ்விட்சை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டேன். சாதாரண விளக்கு ஸ்விட்ச். ராத்திரி மணி அடித்தால் கையை நீட்டித் தட்டுவாள். இரண்டு மூன்று நொடியில் நாலு கட்டமும் வந்துவிடும். லாகின் இல்லை, பாஸ்வேர்டு இல்லை, மகனைக் கூப்பிட வேண்டியதில்லை. சில மானிட்டர்கள் கரண்ட் வந்ததும் தானாக உயிர்பெறாது, அதன் பட்டனைத் தனியாக அழுத்த வேண்டும். மாட்டுவதற்கு முன்னால் அதைச் சோதித்துப் பாருங்கள்.

அடுக்குமாடி வீட்டில், வாசல் ஒன்றே ஒன்று என்றால், வீடியோ டோர் போன் போதும். ஏழு அங்குலத் திரை, மணி அடித்தால் தானாக எரியும். ரெக்கார்டர் இல்லாமல் வைஃபை கேமரா மட்டும் வாங்கியிருப்பவர்கள், அதில் ஆன்விஃப் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். வெவ்வேறு கம்பெனிக் கேமராவும் ரெக்கார்டரும் ஒன்றோடொன்று பேச 2008-இல் வந்த பொது ஏற்பாடு அது. இருந்தால் பின்னால் ஒரு என்.வி.ஆர். வாங்கி இணைத்து மானிட்டரில் பார்க்கலாம். இல்லாவிட்டால் ஆப்பை விட்டால் வேறு வழி கிடையாது.

"சார், இப்பல்லாம் ஆள் வந்தா ஆப்பே அலர்ட் கொடுக்கும், எதுக்குத் திரையப் பாத்துக்கிட்டு உக்காரணும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பூட்டிய வீடு என்றால் அதுதான் சரி. ஊருக்குப் போகும்போது பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, அலர்ட்டையும் போட்டுவிட்டுப் போங்கள். ஆனால் ஆள் இருக்கிற வீட்டில், பூனை போனாலும் அலர்ட், முருங்கைக் கிளை ஆடினாலும் அலர்ட், மழை பெய்தாலும் அலர்ட். புலி வருது கதைதான். என் மகன் ஒரே வாரத்தில் எல்லா அலர்ட்டையும் அணைத்துவிட்டான், எங்களிடம் சொல்லவில்லை. நல்ல கேமராக்கள் மனிதனையும் பூனையையும் பிரித்துச் சொல்கின்றன. வாங்க முடிந்தால் வாங்குங்கள். அப்போதும் வந்தது யார் என்று பார்க்க ஒரு கண் வேண்டும், அந்தக் கண்ணுக்கு ஒரு திரை வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு, மறைக்கக் கூடாது. திரை வைத்த முதல் மாதம் என் வீட்டம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் புதிதாக யார் நடந்தாலும் சந்தேகம். என்னோடு வேலை பார்த்த ஒரு வாத்தியார் இன்றும் அப்படித்தான், எதிர்வீட்டுக்கு யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று மனப்பாடமாகச் சொல்வார். இது தப்பு. கேமராவை உங்கள் கேட்டோடு நிறுத்துங்கள், எதிர்வீட்டுத் திண்ணை அதில் தெரிய வேண்டாம். பகலில் திரையை அணைத்து வையுங்கள், மணி அடித்தால் போடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஹாலிலும் அடுக்களையிலும் கேமரா வைத்து, நீங்கள் மட்டும் அங்கிருந்து பார்க்காதீர்கள். பாசத்தில்தான் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் என் அக்கா வீட்டு ஹாலில் அவள் மகன் ஒன்றை வைத்துவிட்டுப் போன பிறகு, அவள் ஈரத் தலையை விரித்துப்போட்டு ஹாலில் உட்காருவதை நிறுத்திவிட்டாள். அவள் வாயால் சொல்லவில்லை, நான்தான் கவனித்தேன். அவள் வீட்டில் அவளுக்கே ஒரு திரை இல்லை, மகன் பார்க்கிறான் என்பது மட்டும் தெரியும். உள்ளே கேமரா வேண்டுமா என்று அம்மாவிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் கழற்றிவிடுங்கள். அதற்குப் பதில் தினமும் ஒரு போன் போடுங்கள்.

பாஸ்வேர்டு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் வாத்தியார் வேலை பூர்த்தியாகாது. 2016 அக்டோபரில் மிராய் என்ற கிருமி நிரல், தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றை வைத்தே ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களைச் சில மணி நேரம் பலருக்குக் கிடைக்காமல் செய்தது. 2025 பிப்ரவரியில் குஜராத்தில் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் திருடப்பட்டு வெளியே போன செய்தி வந்தது. ஆகவே, மாட்டிவிட்டுப் போகிற தம்பி எதிரிலேயே பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஆப் கணக்கு உங்கள் வீட்டு ஆளின் போன் நம்பரில் இருக்கட்டும், மாட்ட வந்தவர் நம்பரில் வேண்டாம். புதிய பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். அது என் வீட்டில் இருந்திருந்தால் அந்த ராத்திரி வேறு மாதிரி போயிருக்கும்.

கடைசியாக, வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷனுக்குள் வந்தது. எங்கள் வீட்டில் கரண்ட் போனதும் இன்வெர்ட்டரில் கேமராவும் மானிட்டரும் சில மணி நேரம் ஓடின. கேட்டு வரை தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று உள்ளிருந்தே பார்த்துக்கொண்டோம். இணையம் அதற்கு முன்பே போய்விட்டது. மகன் போனில் நாலு கட்டமும் கறுப்பு. அவன் அங்கே அழுதுகொண்டு இருந்திருக்கிறான், நாங்கள் இங்கே டார்ச் வெளிச்சத்தில் ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மீனாட்சிபுரத்தில் என் உறவினர் ஒருவர் ரெக்கார்டரை டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் வைத்திருந்தார். அது தண்ணீரோடு போயிற்று. ஆகவே ரெக்கார்டர் உயரத்தில் இருக்கட்டும், கேமரா, ரெக்கார்டர், மானிட்டர் மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். இன்வெர்ட்டரும் தீர்ந்த பிறகு எங்களைக் கூப்பிட்டுப் பார்த்தது யார் தெரியுமா? அதே பக்கத்து வீட்டுப் பையன். மதில் மேல் ஏறி, "சார், பால் இருக்கா, மாத்திரை இருக்கா?" என்று கேட்டான்.

அதனால் ஒரு பரீட்சை வைக்கிறேன். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது, ராத்திரி வைஃபை ரூட்டரை அணைத்துவிட்டு, மெயின் ஸ்விட்சையும் இறக்கிவிட்டு, நீங்கள் வெளியே போய் மணியை அடியுங்கள். இன்வெர்ட்டரில் மணி அடிக்காவிட்டால் கேட்டைத் தட்டுங்கள். அம்மா கண்ணாடியைத் தேடாமல், போனைத் தேடாமல், அரை நிமிடத்துக்குள் "ஏல, நீதானா?" என்று உள்ளிருந்து கேட்டால் பாஸ். கேட்காவிட்டால் என்ன வாங்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

சந்தேகம் இருந்தால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள். காலையில் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போயிருப்பேன், போனைக் கொண்டுபோக மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்